மெஷின் மேல் ஒரு பிராது

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பல் மருத்துவர்கள் சேர்ந்து ஒரு ஆண்டு மலர் போடுகிறார்களாம். என்னிடம் வேலை பழகிய பிள்ளை ஒருத்தி வந்து, "மேடம், ஃபிலிம் காலத்துலேருந்து த்ரீ-டி ஸ்கேன் காலம் வரைக்கும் பாத்தவங்க இங்க நீங்க ஒருத்தர்தான். பாசிட்டிவா ஒரு கட்டுரை குடுங்க" என்று கேட்டாள். பாசிட்டிவாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை, கோபம்தான் இருக்கிறது, அது பரவாயில்லையா என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துவிட்டாள், பாவம்.

படிப்பை முடித்து அரசு வேலைக்கு வந்த கதையை நீட்டப்போவதில்லை. தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு நாற்காலி, ஒரு எக்ஸ்ரே பெட்டி, குளியலறையை அடைத்துச் செய்த ஒரு இருட்டறை. விரல் அகல ஃபிலிமை நோயாளியின் வாய்க்குள் வைத்து, அவர் விரலாலேயே அழுத்திப் பிடிக்கச் சொல்வோம். ஃபிலிமின் மூலையில் ஒரு மேட்டுப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மறந்தால் வலது பல்லுக்கு இடது பல்லைப் பிடுங்கிவிடலாம். ஃபிலிமைத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல சரியா தெரியல, இன்னொண்ணு எடுப்போம்" என்று நாங்கள் சர்வசாதாரணமாகச் சொல்வோம். தெரியவில்லை என்று சொல்ல அந்தக் காலத்து டாக்டர்களுக்குக் கூச்சம் இருந்ததில்லை. இதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஓய்வு பெறும் சமயத்தில் விருத்தாசலத்தில் ஒரு தனியார் பல் மருத்துவமனை முப்பரிமாண ஸ்கேன் வாங்கியது. சுற்று வட்டாரத்தில் அதுதான் முதல். ஸ்கேனைப் பார்த்துச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். சென்னைக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, பேரன் வைத்திருக்கும் மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பொய் சொல்லக் கூடாது, அந்த இயந்திரத்தை எனக்கு ரொம்பவே பிடித்தது. என் கோபம் அதன் மேல் இல்லை.

அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது புரிய வேண்டும். முதலில் கம்மல், மூக்குத்தி, ஹேர்பின் எல்லாம் கழற்ற வேண்டும். உலோகம் இருந்தால் படத்தில் வெள்ளைக் கீற்றாகச் சிதறும். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு மூக்குத்தியைக் கழற்றுவது லேசான காரியமில்லை. கல்யாணத்தில் திருகியது அப்படியே இருக்கும். தேங்காய் எண்ணெய் விட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெதுவாகத் திருகுவேன். அதற்குள் அவர்களுடைய குடும்பக் கதை பாதி எனக்குத் தெரிந்துவிடும். அப்புறம் மோவாயைத் தாங்கியில் வைத்து, ஒரு குச்சியைக் கடிக்கச் சொல்லி, நெற்றியில் பட்டை போட்டு, "எச்சில் முழுங்காதீங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பொத்தானை அழுத்துவேன். கருவி தலையை ஒருமுறை சுற்றி வரும். அவ்வளவுதான். தாடை முழுவதும் திரையில் வந்து உட்கார்ந்துவிடும். எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம், ரொட்டியை அறுப்பது போல வில்லை வில்லையாக அறுத்தும் பார்க்கலாம்.

உண்மையான வேலை அதற்கப்புறம்தான். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு சின்னக் கால்வாய் ஓடுகிறது. அதற்குள் ஒரு நரம்பு. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் தொட்டால் தெரிகிற உணர்ச்சியைக் கொடுப்பது அதுதான். பல் இல்லாத இடத்தில் எலும்புக்குள் ஸ்க்ரூ இறக்கிப் பல் கட்டும்போது, ஸ்க்ரூ அந்த நரம்பைத் தொடக் கூடாது. அதனால் ஒவ்வொரு வில்லையிலும் கால்வாயைத் தேடி ஒரு புள்ளி வைக்க வேண்டும். வெள்ளை விளிம்பு கட்டிய சின்னக் கறுப்பு வட்டம், அதுதான் கால்வாய். நான் வைக்கும் புள்ளிகளை மென்பொருள் சேர்த்துச் சிவப்புக் கோடாகக் காட்டும். கோட்டைப் போடுவது மனிதர். இதை ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். "மெஷினே கோடு போட்டுடுது" என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நினைக்கவும் வைத்தார்கள்.

சிலருடைய எலும்பில் ஒரு பகுதியில் அந்த வெள்ளை விளிம்பே இருக்காது. கறுப்பு வட்டம் பக்கத்து எலும்போடு கரைந்துபோகும். எவ்வளவு உருட்டிப் பார்த்தாலும் தெரியாது. அங்கே நான் புள்ளி வைப்பதை நிறுத்திவிடுவேன். மறுபடி தெரிகிற இடத்தில் தொடங்குவேன். நடுவில் இடைவெளி இருக்கும். ஸ்க்ரூ வைப்பவருக்கு அந்த இடைவெளியும் ஒரு சேதிதான். இங்கே எனக்குத் தெரியவில்லை, நீயும் தெரிந்த மாதிரி நடக்காதே என்று அர்த்தம்.

இப்போது சீஃபைப் பற்றி. மருத்துவமனை அவருடையது. என்னைவிட வயதில் மிகவும் சின்னவர், கெட்டிக்காரர், வேலையில் சுத்தமான கை. அதை நான் மறுக்கவில்லை. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. நோயாளியின் எதிரில் உட்காரவே மாட்டார். பெரிய திரையின் பக்கத்தில் நின்றுகொண்டு, திரையை அவர் பக்கம் திருப்பி, தோளில் கை வைத்து, "ஒண்ணும் கவலப்படாதீங்க, நம்மகிட்ட மெஷின் இருக்குது" என்பார். திரையில் தாடை சுழலும். நோயாளி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். என்னிடம் அவர் எப்போதுமே மரியாதையாகத்தான் பேசுவார். "மேடம், நீங்க சீனியர், உங்களுக்குத் தெரியாததா?" என்று தேன் சொட்டச் சொன்னால், இனி வாயை மூடு என்று பொருள். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்காத ஒரே சொல் 'தெரியல'. நோயாளி என்ன கேட்டாலும் பதில் இருக்கும். கேட்காததற்கும் பதில் இருக்கும்.

தவமணி என்ற பெண் நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தார். நாற்பதை ஒட்டிய வயது. செராமிக் பேட்டையில் ஒரு பொம்மை கம்பெனியில் வேலை. இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பற்கள் போய், ஒரே பக்கமாக மென்று மென்று வலது பக்கப் பற்களும் ஆட ஆரம்பித்திருந்தன. மூக்குத்தியைத் திருகிக்கொண்டே என்ன வேலை என்று கேட்டேன்.

"ஈரம் பாக்கறதுங்க" என்றார்.

"அப்படின்னா?"

"அச்சுலேருந்து எடுத்த பொம்மைய காய வைப்பாங்க இல்ல, அது உள்ளயும் காஞ்சிதான்னு பாத்துச் சூளைக்கு அனுப்பணும். ஈரத்தோட போச்சுன்னா வெடிச்சிடும், பக்கத்துல இருக்கறதையும் சேத்து ஒடைச்சிடும். நான் கீழ் ஒதட்டுல வச்சிப் பாப்பேன். சில்லுனு இருந்தா ஈரம். சில்லுனு இல்லன்னா காஞ்சிடுச்சு."

"கையில தெரியாதா?"

"கை காய்ச்சிப்போயி கெடக்குதுங்க. ஒதட்டுலதான் தெரியும்." சொல்லிவிட்டு, எதிரே இல்லாத ஒரு பொம்மையைத் தூக்கி இடது உதட்டோரம் வைத்துக் காட்டினார். அந்த வேலைக்கு அவரைத்தான் நிரந்தரமாக வைத்திருந்தார்கள். மற்றவர்கள் மண் குழைக்க, அச்சு ஊற்ற, தூக்க, இறக்க. தவமணிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அந்த நாற்காலியைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

அவருடைய ஸ்கேனில், சரியாக ஸ்க்ரூ இறங்க வேண்டிய இடத்தில், கால்வாய் கரைந்துபோயிருந்தது. உருட்டினேன், வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன், வேறு கோணத்தில் அறுத்தேன். தெரியவில்லை. இடைவெளி விட்டுவிட்டு சீஃபைக் கூப்பிட்டேன்.

"மேடம், கோடு நடுவுல கட்டாயிருக்குது" என்றார்.

"கட்டாகல, நான் நிறுத்தியிருக்கேன். அங்க கால்வாய் தெரியல. நரம்பு அந்த எடத்துல மேல ஏறி வந்து திரும்பலாம். ஸ்க்ரூவைக் குட்டையாப் போடுங்க, இல்லன்னா அந்த எடத்தையே விட்டுட்டு வேற மாதிரி பல்லு கட்டுங்க."

"ஓட்டையும் ஒடைசலுமா காட்டினா பேஷண்ட் பயந்துடுவாங்க மேடம். சேத்துடுங்களேன்."

"தெரியாத எடத்துல எத வச்சுச் சேக்கறது?"

"மேடம், நீங்க சீனியர், உங்களுக்குத் தெரியாததா?" என்றபடி என் தோளுக்கு மேல் குனிந்து மவுஸை வாங்கி, இந்த முனையில் ஒரு தட்டு, அந்த முனையில் ஒரு தட்டு. சிவப்புக் கோடு நேராக ஓடிச் சேர்ந்துகொண்டது. "இப்பப் பாருங்க, எவ்ளோ நீட்டா இருக்குது!"

நீட்டாகத்தான் இருந்தது. கோயில் வாசலில் கோலத்தைச் சேர்ப்பது மாதிரி சேர்த்துவிட்டுப் போனார். நான் விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தவமணியிடமும் அவர் புருஷன் கொளஞ்சியிடமும் போய், அந்த இடத்தில் நரம்பு தெளிவாகத் தெரியவில்லை, டாக்டரிடம் நன்றாகக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள் என்று சொன்னேன். அவர்களும் உள்ளே போய்க் கேட்டார்கள். சீஃப் சிரித்துக்கொண்டே, "மேடம் ஃபிலிம் காலத்து ஆளு, கொஞ்சம் பயம் ஜாஸ்தி. நீங்களே பாருங்க" என்று திரையைத் திருப்பினாராம். சிவப்புக் கோடு முழுசாக, பளிச்சென்று, சுழன்றுகொண்டு இருந்தது. ஒரு கிழவியின் வார்த்தை பெரிதா, கண்ணால் பார்ப்பது பெரிதா? அவர்கள் திரையை நம்பினார்கள். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

ஸ்க்ரூ வைத்த மறுநாள் காலையில் தவமணி வந்து நின்றார். "டாக்டரம்மா, மரப்பு எறங்கவே இல்லீங்க." பஞ்சால் தடவினேன், ஊசி முனையால் தொட்டேன். இடது உதட்டோரத்திலிருந்து மோவாய் நடு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. நேராக சீஃபின் அறைக்குப் போனேன்.

"ஸ்க்ரூ நரம்ப அழுத்துது. இன்னிக்கே வெளிய எடுத்துடுங்க. நாளாக நாளாக நரம்பு செத்துடும்."

"வீக்கம் மேடம். வீக்கம் வத்தினா சரியாயிடும்."

"வீக்கமா இல்லையான்னு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கலாமே."

"எதுக்கு மேடம் தேவையில்லாம கதிர்வீச்சு? விட்டமின் எழுதித் தரேன்."

விட்டமின்! எலும்புக்குள் ஸ்க்ரூ நரம்பை நசுக்கிக்கொண்டிருக்கிறது, இவர் மாத்திரை எழுதுகிறார். ஸ்கேன் எடுத்தால் ஸ்க்ரூவின் நுனி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும், அதுதான் பயம். எல்லாம் பார்க்கிற மெஷின் இருக்கிறது என்று ஊர் முழுக்கத் தட்டி வைத்தவர், பார்க்க வேண்டிய அன்றைக்குப் பார்க்க மாட்டேன் என்றார். நான் தவமணியிடம் உடனே புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். சீஃப் அவர்களைக் கூப்பிட்டு, இப்போது எடுத்தால் எலும்பே போய்விடும், பொறுங்கள் என்றார். கொளஞ்சி என்னிடம் வந்து தயங்கித் தயங்கி, "வச்சவரே சொல்றாருங்களே டாக்டரம்மா" என்றார்.

பொறுத்தார்கள். வாரங்கள் போயின. தவமணி டீ குடித்தால் உதட்டோரம் வழிவது அவருக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர்கள் சொல்ல வேண்டும். கம்பெனியில் வலது பக்க உதட்டில் வைத்துச் சமாளிக்கப் பார்த்தார். வலது பக்கம் வைத்தாலும் மரத்த பக்கத்தில் அடிபட்ட நரம்பு தானாகவே சுருக்கென்று குத்தி, எது சில்லிப்பு எது குத்தல் என்று குழம்பியது. ஒருநாள் அவர் சரி என்று அனுப்பிய பொம்மைகள் சூளையில் வெடித்து, அந்தச் சுற்று முழுவதும் தூளாகிப்போனது. அதோடு நாற்காலி போயிற்று. பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலைக்கு மாற்றினார்கள். குனிந்து நிமிர்கிற வேலை, யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை, வேண்டாமென்றால் நாளைக்கே நிறுத்திவிடுகிற வேலை.

அதற்கப்புறம்தான் புதுச்சேரிக்குப் போனார்கள். அங்கே ஸ்க்ரூவை எடுத்து, நுனி நரம்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது என்று சொல்லி அனுப்பினார்கள். ஸ்க்ரூ வந்துவிட்டது, உணர்ச்சி வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அவர்கள் சீஃபைக் கேட்க வந்த அன்று நான் உறவுக்காரர் கல்யாணத்துக்காகச் சேத்தியாத்தோப்பில் இருந்தேன். நடந்ததைத் தவமணியே பிறகு சொன்னார். சீஃப் அந்தப் பழைய ஸ்கேனையே போட்டு மறுபடியும் திரையைத் திருப்பியிருக்கிறார். "பாருங்கம்மா, நரம்பு இங்க. ஸ்க்ரூ இங்க. நடுவுல எவ்ளோ எடம் இருக்குது பாருங்க."

"அப்பறம் ஏங்க மரத்துக் கெடக்குது?"

"உங்க நரம்பு வழக்கமான எடத்துல ஓடலம்மா. மெஷின் கோடு போட்டுக் காட்டுச்சு, நான் கோட்டுக்கு மேல எடம் விட்டுத்தான் வச்சேன். உங்க நரம்புதான் தப்பான எடத்துல இருக்குது."

"என் நரம்பு நான் பொறந்ததுலேருந்து அங்கதாங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுத் தவமணி எழுந்து வந்துவிட்டார். தப்புச் செய்தவனைப் பார்த்திருக்கிறேன், தப்பை மறைத்தவனையும் பார்த்திருக்கிறேன். அடிபட்டவளின் உடம்பின் மேலேயே தப்பைத் தூக்கிப் போட்டவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பி வேலைக்குப் போன அன்றே சீஃப் என் அறைக்கு வந்தார். வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"மேடம், அந்தத் தவமணி கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிட்டாங்களாம்."

எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், நியாயம் கிடைக்காதவர்கள் தங்கள் வழக்கை ஒரு தாளில் எழுதிக் கட்டுவார்கள். இன்னார் எனக்கு இன்னது செய்தார், விசாரித்துத் தீர்ப்புச் சொல்லு என்று அதிகாரிக்கு மனு எழுதுவது போலத்தான் இருக்கும். அதுதான் பிராது. காரியம் முடிந்தால் திரும்பப் போய் அதை வாபஸ் வாங்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர். தவமணியின் புருஷனுக்கே அந்தச் சாமியின் பெயர்தான். என் நோயாளிகளில் பாதிப் பேர் எதற்காகவாவது அங்கே ஒரு பிராது கட்டியவர்கள்தான்.

"எங்க அம்மா கேள்விப்பட்டதுலேருந்து சாப்பிடவே இல்ல மேடம். சாமி விஷயம். நீங்க சொன்னா அந்தம்மா கேப்பாங்க. ராஜினாமா பண்ணிடச் சொல்லுங்க."

"நரம்பு விஷயத்துக்கு உங்களுக்கு இவ்வளவு வேர்க்கலையே" என்றேன். ஆனாலும் தவமணி வீட்டுக்குப் போனேன். அவருக்காகப் போகவில்லை. அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று எனக்கே இருந்தது.

சாயங்காலம் வேலை விட்டு வந்து தவமணி முகம் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க டாக்டரம்மா, வூடு கெடக்கற கெடையப் பாக்காதீங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கோர்ட்டுக்குப் போகலாமே, நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். கொளஞ்சிதான் பதில் சொன்னார். "கேசு போட்டு எத்தினி நாளு கூலிய வுட்டுட்டு அலையறதுங்க? சாமிகிட்ட வுட்டாச்சு."

"அதைக் கேட்டுட்டு டாக்டர் நடுங்கிப்போயிருக்காரு" என்றேன். சொல்லும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது, மறைப்பானேன்.

தவமணி திகைத்துப்போய்ப் பார்த்தார். "அவரு ஏங்க நடுங்கணும்? நான் அவரு மேல கட்டலியே."

"பின்ன?"

"மெஷின் மேலதாங்க கட்டியிருக்கேன். கோடு போட்டது மெஷினுன்னு அவருதானே சொன்னாரு. அவரு கோட்டப் பாத்துதானே வச்சாரு. தப்பாக் காட்டினது அது. அநியாயமா ஒரு மனுசன் பேர எழுதக் கூடாதில்ல, சாமி கேக்கும்."

நிஜத்தைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். வாயால் சொன்னால் அது ஒருவர் மேல் ஒருவர் சொல்கிற புகாராகிவிடும். அவர் கண்ணால் பார்க்க வேண்டும். "உங்க ஸ்கேன் சி.டி. இருக்குதில்ல, ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் சீஃப் வாசலிலேயே காத்திருந்தார். பிராது யார் மேல் என்று சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். சின்னச் சிரிப்பு இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மாவுக்கு உடனே போன் போட்டு, "ஒண்ணும் இல்லம்மா, மெஷின் மேலயாம், சாப்பிடு" என்றார். அதோடும் நிற்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு எலுமிச்சம்பழமும் வைக்கச் சொன்னார். "பாவம் மேடம், நம்ம மெஷின் மேல கேஸு. சாமி வந்து விசாரிச்சா என்ன சொல்லுமோ!"

ஒரு பெண்ணின் உதடு செத்துக் கிடக்கிறது. இவர்மேல் அநியாயமாகப் பழி போடக் கூடாது என்று அவள் சாமிக்குப் பயந்து பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள். அதைக் கேட்டு இந்த மனிதருக்குச் சிரிப்பு வருகிறது. என் வாழ்நாளில் நான் யாரையும் அடிக்கக் கை ஓங்கியதில்லை. அன்றைக்குக் கையை அடக்கிக்கொள்வது பெரும்பாடாக இருந்தது.

"கோட்டைச் சேர்த்தது நீங்கன்னு நான் அவங்களுக்குக் காட்டப்போறேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. "அவங்களுக்கு என்ன மேடம் புரியும்?"

"இங்க ஒண்ணும் தெரியலன்னா புரியாதா? அத விடச் சுலபமான சேதி என்ன இருக்குது?"

"மேடம், நீங்க சீனியர்..." என்று ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை. என் வெள்ளை அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை. என் உத்தியோக வாழ்க்கை அப்படித்தான் முடிந்தது. மாலையும் இல்லை, குரூப் போட்டோவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் சர்ச்சிலிருந்து வருவதற்குள் தவமணியும் கொளஞ்சியும் வாசலில் நின்றிருந்தார்கள். பேரனின் லேப்டாப்பில் சி.டி.யைப் போட்டேன். தாடை வந்தது, சிவப்புக் கோட்டோடு.

"இதாங்க மெஷின் போட்ட கோடு" என்றார் கொளஞ்சி.

"இப்பப் பாருங்க" என்று கோட்டை மறைத்தேன். வெறும் எலும்பு. பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு வில்லையாக நகர்த்திக்கொண்டு வந்தேன். வெள்ளை விளிம்பு கட்டிய வட்டத்தைக் காட்டி, இதுதான் நரம்பு போகிற வழி, இது தெரியும்வரை சொல்லுங்கள் என்றேன்.

தவமணி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். "தோ இருக்குது. இருக்குது. இருக்குது. லேசா இருக்குது." விரல் நின்றது. "காணுமே."

இன்னும் நகர்த்தினேன்.

"காணும். இங்கயும் காணும். ஒண்ணும் தெரியலியே டாக்டரம்மா."

"எனக்கும் தெரியல. அதான் இங்க நான் கோடு போடாம நிறுத்தினேன். மெஷின் கோடு போடாது, மனுசங்கதான் போடணும். நான் நிறுத்தின எடத்துல அவரு மவுஸ வாங்கிச் சேத்துட்டாரு. என் கண்ணு முன்னாடி."

தவமணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தன்னால் இடது உதட்டோரத்துக்குப் போயிற்று. விரல் பட்டது அந்த உதட்டுக்குத் தெரிந்திருக்காது.

"அப்ப, தெரியலன்னு மெஷினு நேர்மையாத்தான் காட்டியிருக்குது" என்றார் மெதுவாக. "அவருதான் சொல்லல."

கொளஞ்சி கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். தவமணி எழுந்து புடவையைச் சரிசெய்தார். "பொய்ப் பிராது கெடக்கக் கூடாதுங்க. இன்னிக்கே போயி ராஜினாமா பண்ணணும். வரீங்களா டாக்டரம்மா?"

போனேன். கோயிலில் தாள் வாங்கிக்கொள்கிறவர், "ராஜினாமாவா? காரியம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. ஆளு மாறிப்போச்சு. இன்னொண்ணு கட்டணும்" என்றார் தவமணி. தாள் வாங்குகிறவர் எத்தனையோ வழக்கைப் பார்த்தவர் போலிருக்கிறது, உடனே புதுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

மண்டபத்து ஓரம் உட்கார்ந்தோம். தாளையும் பேனாவையும் தவமணி என் கையில் கொடுத்தார். "அவரு முழுப் பேரு, இனிசியலு எல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நீங்களே எழுதிடுங்க." நான் கிறிஸ்தவள், இது என் கோயில் இல்லை. ஆனாலும் தாளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவரு கை வெளங்காம போவணும்னு எழுதுங்க" என்றார் கொளஞ்சி.

"சும்மா இருய்யா" என்றார் தவமணி. "கை போனா அந்த நுணுக்கமான வேலைய யாரு செய்யறது, வேற நாலு பேருக்குப் பல்லு கட்ட வேணாமா? டாக்டரம்மா, நான் சொல்றத மட்டும் எழுதுங்க. தெரியாத எடத்துல தெரிஞ்ச மாதிரி கோடு போட்டாரு. என் நரம்பு மேல பழி போட்டாரு. அவரு வாயால ஒருவாட்டி, எனக்குத் தெரியலன்னு சொல்லணும். அவ்வளோதாங்க எனக்கு வேணும்."

சொன்னபடியே எழுதினேன். அப்புறம் எதிராளி என்று போட்டு, இனிஷியலோடு அவருடைய முழுப் பெயரையும், பெயருக்குப் பின்னால் அவர் பலகையில் எழுதி வைத்திருக்கும் பட்டங்களில் ஒன்றையும் விடாமல் எழுதினேன்.